கீழ்க் குளியலறைக்கு ஒரு மதிப்பீடு

பிப்ரவரி 3

அன்புத் தம்பிக்கு,

ஆண்டவன் துணை. நேற்றுக் காலை பத்தே முக்காலுக்கு நம் வீட்டுக் கீழ்க் குளியலறையைத் திறந்தபோது கூட இருந்தவர்கள்: நான், மேஸ்திரி, பைப்புக்காரர், எதிர்வீட்டு ஓவர்சியர் ஐயா. மொத்தம் நான்கே பேர். பாதி வீடு உன்னுடையது. தம்பிக்குத் தெரியாமல் அக்கா பூட்டை உடைத்துவிட்டாள் என்று நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது, அதனால்தான் இதை முதலில் எழுதுகிறேன். உடைக்கவும் இல்லை. சாவி என்னிடம்தான் இருந்தது. ஆறு வருஷத் துருவுக்கு நாலு சொட்டு எண்ணெய் போதுமாக இருந்தது.

விஷயம் இதுதான். உன் அத்தானுக்கு இடுப்பில் கம்பி வைத்திருக்கிறார்கள். ஆறு மாதம் மாடிப்படி ஏறக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இப்போது அவருடைய அண்ணன் வீட்டுக் கீழறையில் படுத்திருக்கிறார். ஓரகத்தி முகம் சுளிக்கவில்லை, ஆனால் தினமும் காலையில் "இன்னைக்குப் பரவாயில்லையா கொழுந்தனாரே" என்று கேட்கிற தொனியில் ஒரு காலண்டர் தொங்குகிறதாம். மார்ச் முப்பதாம் தேதிக்குள் அவரை இங்கே அழைத்து வந்தாக வேண்டும். மாடிக் குளியலறை அவருக்கு ஆகாது. மிச்சம் இருப்பது கீழே உள்ளதுதான்.

அப்பா அதில் வழுக்கி விழுந்து போனார் என்பதை நான் மறந்துவிடவில்லை. நீ கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து அப்படி நடந்தது, யார் என்ன செய்ய முடியும். உன்னிடம் கேட்காமலே அன்றைக்குப் பூட்டியதும் நான்தான். இப்போது உன்னிடம் கேட்டுத் திறக்கிறேன்.

கணக்குக்கு வருகிறேன். போனில் சொன்னால் காதோடு போய்விடும், தாளில் எழுதினால்தான் நிற்கும். அறை ஐந்துக்கு ஏழு. மேஸ்திரி வாசலில் நின்றபடியே, "எல்லாம் சேர்த்து ஒன்னே கால் லட்சம் ஆகும்மா" என்றார்.

"எல்லாம்னா என்னென்ன?" என்றேன்.

"எல்லாம்தான்."

"அப்ப ஒவ்வொண்ணா சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

ஓவர்சியர் ஐயா சிரித்துவிட்டார். "மேஸ்திரி, நீ இன்னைக்கு யார்கிட்ட மாட்டிக்கிட்டேன்னு உனக்குத் தெரியல."

டைல் இருநூற்று நாற்பது சதுர அடி என்றார் மேஸ்திரி. நான் அங்கேயே போட்டுக் காட்டினேன். நாலு சுவரும் சுற்றளவு இருபத்து நாலு அடி, ஏழடி உயரம், நூற்று அறுபத்தெட்டு. கதவுக்குப் பதினாறு போனால் நூற்று ஐம்பத்திரண்டு. தரை முப்பத்தைந்து. உடைசல், வெட்டல் நூற்றுக்குப் பத்து. இருநூற்று ஆறு. மேஸ்திரி தலையைச் சொறிந்தார். டைலுக்கு அறுபதும் ஒட்டுக்கூலிக்கு நாற்பத்தைந்தும் என்றால் அந்த முப்பத்து நாலு அடியிலேயே மூவாயிரத்து ஐநூற்று எழுபது மிச்சம்.

இப்படி வரிவரியாக இறங்கி வந்தது: இடிப்பு, குப்பை அள்ள 9,000. பைப் வேலை 24,000. தண்ணீர் கசியாத பூச்சு 11,000. டைல் 12,360. ஒட்டுக்கூலி 9,270. உட்காரும் கக்கூஸ், தொட்டி, குழாய், பிடித்துக்கொள்ளக் கம்பி 18,500. கதவு 7,500. விளக்கும் காற்றாடியும் 3,200. ஆக 94,830. கைக்காவலாக நூற்றுக்குப் பத்து ஒதுக்கி வைக்க வேண்டும் என்று ஓவர்சியர் ஐயா சொன்னார். சுவருக்குள் என்ன இருக்கிறது என்று உடைக்கும்வரை யாருக்கும் தெரியாதாம்.

இதில் பைப் வேலைதான் நெருடுகிறது. கூடத்தை ஒட்டிய சுவரில், தரைக்கு ஒரு சாண் மேலே, மூன்று டைல் நட்சத்திரம் மாதிரி விரிசல் விட்டிருக்கிறது. அதற்கு நேர் கீழே தரையில் ஈரம். அந்த அறைக்குத் தண்ணீர் நிறுத்தி ஆறு வருஷம் ஆகிறது. மாடிக்குப் போகிற பைப் அந்தச் சுவருக்குள்தான் ஓடுகிறது, அது கசிகிறது, முழுதாக மாற்ற வேண்டும், அதற்கு மட்டும் பதினாலாயிரம் என்கிறார் பைப்புக்காரர்.

அவர் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாமா தட்டினார். டக், டக், டக். கொஞ்சம் விட்டு மறுபடி டக், டக், டக். ஓவர்சியர் ஐயா இரண்டு படி பின்னால் போய்விட்டார். "ஒன்னும் இல்லைங்க, எங்க மாமா. மோட்டாரை நிறுத்தினா பைப் இப்படித்தான் தட்டும். நாங்க சின்ன வயசிலிருந்தே கேக்கிறோம்" என்று சொன்னேன். வாசலில் நின்று பத்துத் தடவை தட்டாமல் உள்ளே வராத நம் தாய்மாமன் பெயரை அந்தப் பைப்புக்கு நீதான் வைத்தாய், அப்போது உனக்கு ஆறு வயது. "இருங்க மாமா, வர்றோம்" என்று கத்திவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்போமே. அப்பா போனபின் நாங்கள் இங்கே குடிவந்ததிலிருந்து உன் அத்தானும் அப்படியே சொல்லப் பழகிவிட்டார். பூட்டிய கதவுக்குப் பின்னால் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் மாமா தட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.

பிறகுதான் யோசித்தேன். நேற்று யாரும் மோட்டாரைப் போடவும் இல்லை, நிறுத்தவும் இல்லை. கரண்டே இல்லை.

உன் சம்மதம் வேண்டும். உன் பங்குப் பணம் வேண்டாம். வேளாவேளைக்குச் சாப்பிடு.

ஆசிகளுடன்,
அக்கா


பிப்ரவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அத்தான் உடம்பைப் பற்றி எழுதியது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. மேஸ்திரியை நினைத்தால் அதைவிடக் கஷ்டமாக இருக்கிறது. உன்னிடம் வேலை எடுக்கிறவன் போன ஜென்மத்தில் ஏதோ செய்திருக்கிறான்.

ஆனால் எனக்குச் சம்மதம் இல்லை. கோபித்துக்கொள்ளாதே. உன் மதிப்பீட்டில் குறை இல்லை, இடத்தில்தான் குறை. அந்த அறை ஈரம் இறங்கிய அறை. அதில் போடுகிற காசு சுவருக்குள் போய்விடும். நான் ஒரு யோசனை சொல்கிறேன். வாசலைச் செங்கல் வைத்து அடைத்து, மேலே பூசி, கூடத்துச் சுவராகவே ஆக்கிவிடு. பின்பக்கம் காலி இடத்தில் புதிதாக ஒன்று கட்டிக்கொள். முழுச் செலவும் என்னுடையது. எவ்வளவு ஆனாலும் சரி. நூற்றுக்குப் பத்து இல்லை, நூற்றுக்கு ஐம்பது கைக்காவலாக வைத்துக்கொள்.

அந்த விரிசல் விட்ட டைல்களை மட்டும் யாரையும் தொடவிடாதே.

ஒரு சின்னக் கேள்வி. சத்தம் சுவரின் எந்த உயரத்திலிருந்து வந்தது? பைப் சத்தம் என்றால் மேலே கீழே ஓடும். நீ எழுதியதைப் பார்த்தால் ஒரே இடத்தில் வந்த மாதிரி இருக்கிறது. பைப்புக்காரரிடம் கேட்காதே, உனக்கு என்ன தோன்றியது என்று எழுது.

இங்கே குளிர் அதிகம். நான் நன்றாக இருக்கிறேன்.

அன்புடன்,
தம்பி


பிப்ரவரி 21

அன்புத் தம்பிக்கு,

ஆண்டவன் துணை. உன் யோசனையையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். போடாமல் வேண்டாம் என்று சொல்வது எனக்குப் பழக்கம் இல்லை. பின்பக்கம் புதிதாகக் கட்ட அஸ்திவாரம், சுவர், கூரை மட்டுமே ஒரு லட்சத்துப் பத்தாயிரம். கழிவுக்குழாய் நாற்பதடி இழுக்கப் பதினாறாயிரம். அதற்குமேல் டைலும் மற்றதும் இங்கே ஆகிற அதே செலவு. இரண்டு லட்சத்தைத் தொடும். சிமெண்ட் இறுக நாள் வேண்டும், மார்ச் முப்பதுக்கு முடியாது. முடிந்தாலும், இடுப்பில் கம்பி வைத்த மனுஷன் மழையில் முற்றம் தாண்டிப் போவாரா? எவ்வளவு ஆனாலும் சரி என்று எழுதியிருக்கிறாய். அது கணக்குத் தெரிந்தவன் எழுதுகிற வாக்கியம் இல்லை. நீ பயந்து எழுதுகிற மாதிரி இருக்கிறது.

இன்னொன்று. நீ தொடவேண்டாம் என்றது என் கைக்கு வந்தது பத்தொன்பதாம் தேதி. பதினாறாம் தேதியே அந்த மூன்று டைலை எடுத்துவிட்டார்கள். பதினாலாயிரம் நியாயமா இல்லையா என்று சுவரைத் திறந்து பார்க்காமல் எப்படி முடிவு செய்வது? மேஸ்திரிகள் எப்போதும் முதலில் ஒரு சாண் உடைத்துப் பார்த்துவிட்டுத்தான் விலை பேசுவார்களாம். அன்றைக்கு இருந்தது நானும் பைப்புக்காரரும் ஓவர்சியர் ஐயாவும். மூன்று பேர்.

உள்ளே பைப் இல்லை, தம்பி.

செங்கல்தான் இருந்தது. பழைய பைப் போன பள்ளத்தைச் சிமெண்ட் வைத்து அடைத்துச் சீராகப் பூசியிருக்கிறது. பைப்புக்காரர் அதற்கு மேலே இன்னும் இரண்டு டைலை எடுத்துப் பார்த்தார். அங்கேயும் அப்படித்தான்.

"இங்க பைப்பே கிடையாதும்மா. யாரோ எப்பவோ எடுத்துட்டாங்க."

"அப்ப மாடிக்குத் தண்ணி எப்படிப் போவுது?"

என்னைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய் வெளிச்சுவரைக் காட்டினார். அங்கே ஒரு பைப் ஏறிப் போகிறது. தினமும் அதன் பக்கத்தில் நின்றுதான் துணி உலர்த்துகிறேன். மழைத்தண்ணீர் பைப் என்று நினைத்திருந்தேன். ஆறு வருஷம் பார்த்த பொருளை ஒரு நாள்கூட என்னவென்று கேட்கவில்லை நான்.

"அப்ப தட்டுறது எது?" என்று ஓவர்சியர் ஐயா கேட்டார். பைப்புக்காரர் சாமான்களைப் பையில் போட ஆரம்பித்தார்.

"எலியா இருக்கும்" என்றேன்.

"எலி மூணு மூணா எண்ணித் தட்டுமாம்மா?" என்றார் பைப்புக்காரர். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. வேறு ஆள் பார்த்திருக்கிறேன், இவரைவிட நாளைக்கு நூறு குறைவு.

நல்ல சேதி என்று பார்த்தால், பைப் மாற்றுகிற பதினாலாயிரம் முழுதாகக் குறைந்துவிட்டது. 94,830-லிருந்து 80,830. இதை எழுதும்போது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. எழுதி முடித்துத் தலை நிமிர்ந்தபோது தட்டியது. கூடத்தில் நான் மட்டும்தான் இருந்தேன். மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. பழக்கதோஷம், "இருங்க மாமா" என்று வாய் வரை வந்துவிட்டது. சொல்லவில்லை.

நீ கேட்ட உயரம்: தரையிலிருந்து ஒரு சாண். ஒரே இடம். ஈரத்தைப் பழந்துணி போட்டுத் துடைத்தேன், வெயிலில் கதவைத் திறந்து வைத்தேன், காய்ந்தது. மறுநாள் அதே இடத்தில் அதே அளவு. உள்ளங்கை அகலம்தான். பூச்சுக்குப் போட்ட 11,000-ஐக் குறைக்க முடியாது.

நான் பயப்படவில்லை. காலையும் மாலையும் பிரார்த்தனை செய்கிறேன். அந்த அறை வாசலிலும் உட்கார்ந்து செய்கிறேன். ஆனால் பைப் எப்போது எடுக்கப்பட்டது என்று தெரிந்துகொள்ளாமல் என்னால் இருக்க முடியாது. அப்பாவின் வீட்டுச் செலவுச் சீட்டெல்லாம் என்னிடம்தான் வரும், நினைவிருக்கிறதா? அவர் பட்டியல் அனுப்புவார், நான் நோட்டில் ஏற்றுவேன். முப்பத்தொரு நோட்டு பரண்மேல் பெட்டியில் இருக்கிறது. பூச்சி அரித்தது போக மிச்சத்தைத் தேட வேண்டும். கிடைத்ததும் எழுதுகிறேன்.

ஆசிகளுடன்,
அக்கா


மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி.

பைப் எடுத்த தேதியைக் கண்டுபிடித்து எழுது. மாதம் மட்டும் போதும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டும். அப்பா போன பிறகு யாராவது எடுத்திருந்தால், நீ இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடலாம். அதற்கு முன்னால் என்றால், ஏன் கேட்கிறேன் என்று உனக்குத் தெரிய வேண்டும்.

நான் அன்றைக்குக் கடைக்குப் போகவில்லை. வீட்டில்தான் இருந்தேன். விடுமுறைக்கு வந்து நாலாவது நாள். அப்பா குளிக்கப் போனார். நான் கூடத்தில் இருந்தேன். சுவரில் தட்டுகிற சத்தம் கேட்டது. மாமா என்று நினைத்தேன். நினைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. அந்தச் சத்தத்தைக் கேட்டு நம் வீட்டில் யார் யோசித்திருக்கிறோம்? இருபது வருஷமாகச் சொன்னதைச் சொன்னேன். "இருங்க மாமா, வர்றோம்." சத்தமாகவே சொன்னேன். அப்பா காதில் விழுந்திருக்கும்.

மதியம் சாப்பிடக் கூப்பிடப் போனேன். பதில் இல்லை. ஓவர்சியர் ஐயாவைக் கூப்பிட்டுக் கதவை உடைத்தோம். கதவு உள்பக்கம் திறக்கிற கதவு, அப்பா அதில் சாய்ந்து கிடந்தார், தள்ள முடியவில்லை. கையில் சொம்பு இருந்தது. விளிம்பு நசுங்கியிருந்தது. விழும்போது நசுங்கியிருக்கும் என்று எல்லாரும் சொன்னார்கள். பக்கவாதம், குரல் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். நான் சுவரைப் பார்த்தேன். மூன்று டைல். நீ எழுதின அதே ஒரு சாண் உயரம்.

இத்தனை வருஷம் எனக்கு இருந்த ஒரே பிடி அந்தப் பைப்தான். பைப்பும் தட்டும், எல்லாருக்கும் தெரியும், அன்றைக்கும் பைப்தான் தட்டியது, அப்பா விழுந்ததும் போய்விட்டார், டைல் முன்பே உடைந்தது. இதைத் தினமும் எனக்குச் சொல்லிக்கொள்வேன். இப்போது பைப் இல்லை என்கிறாய்.

கடைக்குப் போயிருந்தேன் என்று நான் சொன்னது எனக்காக மட்டும் இல்லை. தட்டும்போது நான் போனில் பேசிக்கொண்டிருந்தேன். யாரோடு என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. இந்தக் கடிதத்திலும் எழுத மாட்டேன்.

இங்கே நாலு வீடு மாறிவிட்டேன். நாலிலும் தட்டியது. ஒவ்வொரு வீட்டிலும் ஆள் கூப்பிட்டுப் பார்த்தேன், பைப் சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு போனார்கள். இப்போது இருக்கிற வீட்டில் குளியலறைக் கதவைக் கழற்றி வைத்துவிட்டேன். வீட்டுக்காரர் ஏன் என்று கேட்டார். கீல் போய்விட்டது என்றேன். கதவே இல்லாத அறைக்குள்ளிருந்து தட்டுகிறது, அக்கா. எட்டிப் பார்த்தால் தெரிகிறது, யாரும் இல்லை என்று.

அத்தானை அங்கே குளிக்கவிடாதே. அவர் விழுந்து தட்டினால் நீ எந்தத் தட்டு என்று எப்படிக் கண்டுபிடிப்பாய்?

தேதியை எழுது.

தம்பி


மார்ச் 11

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை வாசித்தபோது நான் மட்டும் இருந்தேன். வேறு யாரும் இல்லை. யாரிடமும் காட்டவில்லை, கிழிக்கவும் இல்லை.

இருபத்து நாலாவது நோட்டில் கிடைத்தது. அப்பா போனது ஜனவரி. பைப் எடுத்தது அதற்கு முந்தின அக்டோபர், ஒன்பதாம் தேதி. "அப்பா வீடு, கீழ்க் குளியலறைச் சுவர்க் குழாய் எடுத்து வெளிச்சுவரில் ஏற்றியது, கூலி சாமான் உட்பட 6,350." சீட்டு அப்பா அனுப்பியது. எழுதியது என் கை. பக்கத்தில் ஓரமாக, சிரிப்புக்கு, நானே ஒரு வரி எழுதிவைத்திருக்கிறேன்: "இனி மாமா தட்ட மாட்டார்."

நீ அப்போது ஊரில் இல்லை. உனக்கு யாரும் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

அடுத்த நோட்டில், ஜனவரி பதினேழு, அப்பா போன அன்றைய போன் செலவு இருக்கிறது. அப்போதெல்லாம் ஒவ்வொரு போனையும் நிமிஷத்தோடு எழுதுவேன். "அப்பா வீட்டுக்கு, 11.10, நாலு நிமிஷம்." நீ எழுத மாட்டேன் என்று விட்டுவைத்ததை நான் எழுதிவிடுகிறேன். உன்னோடு போனில் பேசிக்கொண்டிருந்தது நான்.

என்ன பேசினோம் என்று உனக்கு நினைவிருக்கும். அப்பாவுக்கு மின்விசிறி வாங்கக் கொடுத்த பணத்தில் நாற்பது ரூபாய் கணக்கு உதைத்தது. ரசீது எங்கே என்று கேட்டேன். ரசீது தரலை என்றாய். ரசீது இல்லாம எவன் விசிறி விப்பான் என்றேன். உன் பக்கத்தில் தட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டது, தம்பி. நன்றாகக் கேட்டது. "மாமா வந்துட்டார்க்கா, வைக்கட்டுமா" என்று நீ சொன்னாய். "அவருக்கு வேற என்ன வேலை, தட்டட்டும். நீ நாற்பதுக்குப் பதில் சொல்லு" என்றேன்.

பைப் எடுத்தாயிற்று என்று கூலி முதல்கொண்டு எழுதி வைத்தவள் நான். நாலு மாதம்கூட ஆகவில்லை. அந்த நேரத்தில் அது எனக்கு நினைவுக்கு வரவில்லை. நான் அந்த நாற்பதுக்குள் இருந்தேன்.

நீ கடைக்குப் போயிருந்தேன் என்று எல்லார் முன்னாலும் சொன்னபோது கூடத்தில் நானும் நின்றுகொண்டிருந்தேன். பொய் என்று எனக்குத் தெரியும். நீயாக ஒருநாள் உண்மையைச் சொல்லுவாய், அதுவரை காத்திருக்கலாம் என்று ஆறு வருஷம் பொறுமையாக இருந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். அதைப் பிரார்த்தனையில்கூடச் சொல்லியிருக்கிறேன். பெருமையாகச் சொன்னேன் என்றுகூட நினைக்கிறேன். அது பொறுமை இல்லை. நீ வாயைத் திறந்தால், தட்டும்போது யாரோடு பேசிக்கொண்டிருந்தாய் என்று அடுத்த கேள்வி வரும். அதனால்தான் சும்மா இருந்தேன். நீ வரவே இல்லை என்று எல்லாரிடமும் குறையும் சொன்னேன்.

மூன்று நாளாக மன்னிப்புக் கேட்க உட்காருகிறேன். உன்னிடமா, அப்பாவிடமா, ஆண்டவனிடமா என்று வரிசை பிடிபடவில்லை. வார்த்தை வரவில்லை. வேலை மட்டும்தான் எனக்கு வருகிறது. அதனால் வேலையை எழுதுகிறேன்.

உன் அத்தான் முப்பதாம் தேதி வருகிறார். இங்கேதான் குளிப்பார். எந்தத் தட்டு என்று எப்படிக் கண்டுபிடிப்பாய் என்று கேட்டாய். கண்டுபிடிக்கப் போவதில்லை. எந்தத் தட்டுக்கும் எழுந்து போவேன். வெறும் அறையாக இருந்தாலும் போவேன். "இருங்க" என்ற வார்த்தை இனி இந்த வீட்டில் கிடையாது. கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றச் சொல்லியிருக்கிறேன். அதற்கு 1,200 கூடுதல். உள்தாழ்ப்பாள் வேண்டாம் என்றேன், மேஸ்திரி ஒருமாதிரி பார்த்தார். மொத்தம் 82,030. கைக்காவலோடு 90,233. இதில் உன் பங்கு ஒன்றும் இல்லை.

இப்போது தட்டும்போதெல்லாம் போய்க் கதவைத் திறக்கிறேன். உடனே நின்றுவிடுகிறது. உள்ளே போய் அந்த ஈரத்தைத் துடைத்துவிட்டு, கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்திருக்கிறேன். கூடத்துக்கு வந்தால் மறுபடி ஆரம்பிக்கிறது. நேற்று மட்டும் ஒரு காரியம் செய்தேன். செய்திருக்கக் கூடாது. பதினொன்றைக்கு மேல் தட்டத் தொடங்கியபோது நான் எழுந்து போகவில்லை. கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எத்தனை மணி வரை தட்டுகிறது என்று கடைசித் தட்டு வரை பார்த்தேன். முதலில் மூன்று மூன்றாக வந்தது. அப்புறம் இரண்டு. அப்புறம் இடைவெளி நீண்டுகொண்டே போனது. நின்ற நேரத்தை நோட்டில் குறித்து மடித்து வைத்திருக்கிறேன். அந்த நேரம் உன்னிடம் சொல்ல மாட்டேன். சொன்னால் என்மேல் உள்ள பிரியத்தில் நீ அதற்குத் தக்கபடி எழுதிவிடுவாய்.

அன்றைக்கு நாலு நிமிஷத்தில் நான் போனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு எத்தனை மணி வரை தட்டியது என்று உனக்கு மட்டும்தான் தெரியும். அதை எழுது. எனக்காக ஒரு நிமிஷம்கூடக் குறைக்காதே. இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

மேஸ்திரி இருபதாம் தேதி வரை ஆளை நிறுத்தி வைத்திருக்கிறார். சுவரை இடிக்கலாமா என்பதற்கும் சேர்த்து உடனே பதில் போடு.

அக்கா